செங்கல் இல்லை... மரம் இல்லை... ஆனால் கோயில் உண்டு!

குட்டீஸ்! உங்களிடம் ஒரு கோயில் கட்டச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், நான்கு நிபந்தனைகள். ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. மரம் கூடாது. இரும்பு, செம்பு என்று எந்த உலோகமும் கூடாது. சுண்ணாம்பும் கூடவே கூடாது. "சிமென்ட் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்காதீர்கள். அது அப்போது கிடையாது!

"அப்புறம் எதை வைத்துத்தான் கட்டுவதாம்?" என்று கோபம் வருகிறதா? சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசர் இதைத்தான் செய்து காட்டினார். செய்ததோடு விடவில்லை. 'இன்னின்ன பொருள்கள் இல்லாமல் செய்தேன்' என்று கோயிலின் முகப்பிலேயே வெட்டி வைத்தார். அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. கோயிலும் இருக்கிறது. எங்கே தெரியுமா? எகிப்திலோ கிரேக்கத்திலோ இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குப் போகிற வழியில், மண்டகப்பட்டு என்கிற சின்ன கிராமத்தில்!

வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பாறை நாட்டுக்குள்ளே...

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி ஏறக்குறைய 40 கி.மீ. அதில் பாதி தூரம் போனால் மண்டகப்பட்டு. ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வயல்கள் வரும். நெல், கரும்பு, அப்புறம் வேர்க்கடலை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் 'மல்லாட்டை'. மணிலாக்கொட்டை என்பதுதான் பேச்சில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் மணிலா, இந்த ஊர் வயலில் ஒளிந்து கொண்டிருக்கிறது பார்த்தீர்களா?

கொஞ்ச நேரத்தில் வயல்களுக்கு நடுவே பாறைகள் தலைகாட்ட ஆரம்பிக்கும். வட்டப் பாறை, நீளப் பாறை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் பாறை. பீமன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடிவிட்டுப் போட்ட கூழாங்கற்களோ என்று தோன்றும். எங்கு பார்த்தாலும் கல்தான். இவ்வளவு கல் இருக்கிற ஊரில் கல்லால் கோயில் எழுப்பியதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் கதையே இருக்கிறது.

காணாமல் போன கோயில்கள்

நம் ஊர்ப் பக்கம் இன்று நாம் பார்க்கிற பழைய கோயில்களில் பெரும்பாலானவை கல்தான். அதனால் கோயில் என்றாலே கல் என்று நினைத்துவிடுகிறோம். மகேந்திரவர்மருக்கு முன்னால் தமிழ்நாட்டில் கோயில்களே இல்லையா? இருந்தன. நிறைய இருந்தன. சங்கப் பாடல்களிலேயே கோயில்களைப் பற்றிய செய்திகள் வருகின்றன. ஆனால், அவற்றில் ஒன்றைக்கூட இன்று நாம் முழுதாகப் பார்க்க முடியாது.

ஏன் என்றால், சுவருக்குச் செங்கல். தூணுக்கும் கூரைக்கும் மரம். மரத்தை மரத்தோடு பூட்ட ஆணியும் பட்டையும். எல்லாவற்றையும் ஒட்டவும் மேலே பூசவும் சுண்ணாம்பு. கட்டிய புதிதில் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மரத்தைக் கறையான் தின்னும். தீப்பிடித்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். ஆணி துருப்பிடிக்கும். மழையில் சுண்ணாம்பு கரையும். சுண்ணாம்பு போனால் செங்கல் ஒவ்வொன்றாக உதிரும். உதிர்ந்த செங்கல்லை யாராவது வீடு கட்ட எடுத்துப் போய்விடுவார்கள். முடிந்தது கதை!

இதற்கு ஒரு சாட்சி வேண்டுமா? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது அல்லவா? அது மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனபோது, அங்கே ஒரு பாறையில் பழைய கல்வெட்டு வெளியே தெரிந்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் 2005ஆம் ஆண்டு அந்த இடத்தைத் தோண்டினார்கள். பல்லவர் காலத்து முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. இன்னும் தோண்டினால், அதற்கும் கீழே அதைவிடப் பழைய ஒரு செங்கல் கோயில்! சங்க காலத்தைச் சேர்ந்தது என்று சொல்கிறார்கள். மணல் மூடிக் காப்பாற்றியதால் அடிப்பகுதியாவது நமக்குக் கிடைத்தது. மணல் மூடாத கோயில்கள் எத்தனை எத்தனையோ அடையாளமே இல்லாமல் போய்விட்டன.

இப்போது மண்டகப்பட்டுக் கல்வெட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு. ஒரு கோயிலைச் சாகடிக்கிற நான்கையும் வரிசையாகச் சொல்லி, இவை எதுவும் இல்லாமல் செய்தேன் என்கிறார் அரசர். அழியாத கோயில் வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறதா இல்லையா?

இதே கவலைக்கு ஜப்பானியர்கள் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே இசே என்ற ஊரில் ஒரு மரக்கோயில் இருக்கிறது. மரம் உளுத்துப் போகுமே, என்ன செய்வது? 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை பக்கத்திலேயே அச்சு அசலாக அதே போன்று புதுக்கோயில் கட்டிவிட்டு, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள்! இடையில் போர்களால் சில தடங்கல்கள் வந்தாலும், சுமார் 1,300 ஆண்டுகளாக இந்த வழக்கம் இருக்கிறது. கடைசியாக 2013இல் கட்டினார்கள். அது 62ஆவது முறை. கோயில் புதியது, வடிவம் பழையது. தாத்தாவிடம் இருந்து அப்பாவுக்கும், அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கும் தச்சு வேலை கைமாறிக்கொண்டே இருக்கும். இதுவும் நல்ல யோசனைதான் இல்லையா? ஆனால் நம் அரசர் ஒரே தடவையில் வேலையை முடித்துவிட நினைத்தார்.

பெயர் சொல்லட்டுமா?

அந்த அரசர் முதலாம் மகேந்திரவர்மர். காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகள் இவருடைய காலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த மாமல்லர் நரசிம்மவர்மர் இவருடைய மகன்.

மகேந்திரவர்மருக்குப் பட்டப் பெயர்கள் என்றால் கொள்ளை ஆசை. நம் ஊர் சினிமா நட்சத்திரங்கள் தோற்றுப் போவார்கள்! குணபரன், சத்ருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சித்திரகாரப்புலி... இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். சித்திரகாரப்புலி என்றால் ஓவியர்களில் புலி போன்றவன். நாடகமும் எழுதியிருக்கிறார். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அவருடைய நகைச்சுவை நாடகத்தைக் கேரளத்துச் சாக்கியார்கள் நம் காலம் வரை கோயில்களில் நடித்து வந்திருக்கிறார்கள். ஓர் அரசர், தன் தலைநகரமான காஞ்சியில் நடக்கிற கூத்துகளையே கிண்டல் செய்து நாடகம் எழுதினார் என்றால், அவர் எவ்வளவு ஜாலியான ஆளாக இருந்திருக்க வேண்டும்!

மண்டகப்பட்டில் அவர் போட்டுக்கொண்ட பெயர் விசித்திரசித்தன். விசித்திரமான, புதுப்புது எண்ணங்கள் ஓடுகிற மனம் உடையவன் என்று பொருள். இந்தக் கோயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கோயிலுக்கு அவர் வைத்த பெயர் லட்சிதாயதனம். லட்சிதன் என்பதும் அவருடைய பட்டப் பெயர்தான். அதாவது, லட்சிதனின் கோயில்.

உள்ளே போகலாம்

பெரிய கோபுரத்தைத் தேடாதீர்கள். கோபுரம் கிடையாது. மதில், கொடிமரம், தெப்பக்குளம் ஒன்றும் கிடையாது. ஒரு பாறை. அதன் வயிற்றில் வெட்டிய ஒரு மண்டபம். அவ்வளவுதான். 'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?' என்று உங்கள் தம்பி முகத்தைச் சுளிக்கலாம். பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்னால் இரண்டு முழுத் தூண்கள். இரண்டு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள். தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள், கை எட்டாது. அடியும் மேலும் சதுரம். நடுவில் மட்டும் எட்டுப் பட்டை. அலங்காரம் மிகக் குறைவு. மல்யுத்தம் செய்கிற ஆள் மாதிரிக் கட்டைகுட்டையாக, 'என் மேல் ஒரு மலையே இருக்கிறது தெரியுமா?' என்று நிற்கிறது. உண்மைதானே, அதன் மேல் ஒரு பாறையே உட்கார்ந்திருக்கிறது.

முகப்பின் இரண்டு பக்கமும் மாடத்துக்குள் இரண்டு வாயிற்காவலர்கள். துவாரபாலகர்கள் என்போமே, அவர்கள்தான். நீங்கள் மற்றக் கோயில்களில் பார்க்கிற துவாரபாலகர்களுக்கு நான்கு கைகள் இருக்கும், கோரைப்பல் தெரியும், பார்த்தாலே பயமாக இருக்கும். இவர்களுக்கு நம்மைப் போல இரண்டே கைகள். ஊர்க்காவலுக்கு நிற்கும் ஆட்கள் போல இயல்பாக நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கல்லில் வடித்த துவாரபாலகர்களில் மிகப் பழையவர்கள் இவர்கள். பிற்காலத்தில் தஞ்சாவூரில் பூதாகரமாக நிற்கிறார்களே, அந்தக் காவலர்களுக்கு எல்லாம் இவர்கள் பாட்டன் முப்பாட்டன்.

உள்ளே பின்சுவரில் மூன்று சின்ன அறைகள். பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் என்று கல்வெட்டே சொல்கிறது. அறைக்குள் எட்டிப் பார்த்தால்... காலி! சிலை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் சாமி உருவத்தைச் சுவரில் வண்ணத்தில் தீட்டியிருக்கலாம், அல்லது மரத்திலோ சுதையிலோ செய்து வைத்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் வேடிக்கையைப் பாருங்கள். எது அழியும் என்று அரசர் ஒதுக்கினாரோ அது அழிந்துவிட்டது. எது நிற்கும் என்று நம்பினாரோ அது நிற்கிறது.

உளி இரும்புதானே சார்?

உங்களில் ஒரு கெட்டிக்காரர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார். "உலோகமே இல்லாமல் செய்தேன் என்கிறாரே, உளி இரும்பில்தானே இருக்கும்?"

சபாஷ்! உளி இல்லாமல் இந்தப் பாறையில் ஒரு கீறல்கூடப் போட முடியாது. அரசர் சொன்னது, கோயிலின் உடம்பில் உலோகம் இல்லை என்பதை. வேலை செய்த கருவியைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனால் நாம் பேசலாம்.

அஜந்தா, எல்லோரா, பாதாமி எல்லாம் குகைக் கோயில்கள்தான். ஆனால் பாதாமியில் இருப்பது மணற்கல். அது கொஞ்சம் இளக்கமானது. ஜோர்டான் நாட்டில் பெட்ரா என்ற ஊரில் ஒரு நகரத்தையே மலையில் குடைந்திருக்கிறார்களே, அதுவும் மணற்கல்தான். நம் ஊர்ப் பாறையோ கருங்கல் இனம். உளியை வைத்து அடித்தால் பொறி பறக்கும். கல் ஒரு துணுக்குதான் பெயரும். உளியோ சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கித் தரக் கொல்லர்கள் வேண்டும். சிற்பி அடிக்கிற சத்தத்தோடு கொல்லரின் துருத்திச் சத்தமும் இந்த ஊரில் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

எப்படிக் குடைந்தார்கள்? மாமல்லபுரத்தில் பாதியில் விட்டுவிட்ட குகைகள் சில இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் புரிந்துவிடும். முதலில் பாறையின் முகத்தைச் சமமாகச் செதுக்குவார்கள். அதன் மேல் உங்கள் கணக்கு நோட்டில் இருப்பது போலக் கட்டம் போடுவார்கள். கட்டத்தின் கோடுகளை ஆழமான பள்ளமாக வெட்டுவார்கள். இப்போது நடுவில் சதுரம் சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் அல்லவா? அதை அடித்துப் பெயர்ப்பார்கள். அப்புறம் அடுத்த அடுக்குக்கு மறுபடி கட்டம். மறுபடி பள்ளம். இப்படியே உள்ளே உள்ளே போக வேண்டும்.

வீடு கட்டும்போது கொத்தனார் தூணைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். இங்கே அப்படி இல்லை. சுற்றிலும் இருக்கிற பாறையை எல்லாம் எடுத்துவிட்டு, தூணை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்பதுதான் பெரிய கணக்கு. வரைபடத்தில் தப்பு வந்தால் ரப்பர் வைத்து அழிக்கலாம். செங்கல் சுவர் கோணலானால் இடித்துக் கட்டலாம். இங்கே துவாரபாலகரின் மூக்கு உடைந்தால் உடைந்ததுதான். வேறு மூக்கு ஒட்ட முடியாது!

எத்தியோப்பியா நாட்டில் லாலிபெலா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து 11 தேவாலயங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றின் கூரை நம் காலடியில், தரை மட்டத்தில் இருக்கும்! கி.பி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்தது என்பார்கள். நம் மண்டகப்பட்டு அதற்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் மூத்தது.

தச்சர்கள் பெயர் எங்கே?

அரசரின் பெயர் கல்லில் இருக்கிறது. குடைந்தவர்களின் பெயர்? மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அது இல்லை. எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரி என்ற இடத்தில் ஒரு பாறையில், பல்லவர் காலத்துக் கைவினைஞர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கேவாத பெருந்தச்சன். இன்னொருவர் குணமல்லன். தச்சன் என்றால் யார்? மர வேலை செய்கிறவர் அல்லவா? கல் வேலை செய்கிற இடத்தில் தச்சனுக்கு என்ன வேலை?

அதுதான் ரகசியம். மரத்தில் கோயில் கட்டிப் பழகிய கைகள்தான் கல்லுக்கு மாறியிருக்க வேண்டும். அதனால்தான் கல் கோயில்களை உற்றுப் பார்த்தால், மர வீட்டின் சாயல் தெரியும். தூணுக்கு மேலே போதிகை, அதற்கு மேலே உத்திரம். பாறையைக் குடைந்த குகையில் உத்திரம் எதையும் தாங்கவில்லை. தாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் உத்திரம் மாதிரியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். மரத்தை விட்டாலும் மரத்தின் ஞாபகத்தை விட முடியவில்லை போலிருக்கிறது.

கல்லில் கோயில் செய்ய அதுவரை ஏன் தயங்கினார்கள்? 'பல்லவர் குகைக்கோயில்கள்' பற்றி 1964இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதிய கே.ஆர். சீனிவாசன் என்ற அறிஞர் ஒரு காரணம் சொன்னார். தமிழ்நாட்டில் கல் என்றாலே இறந்தவர்களின் நினைவுதான். பெருங்கற்காலத்துக் கல்லறைகள், போரில் மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல்... இப்படி. செஞ்சிக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் மகேந்திரவர்மர் காலத்து நடுகற்களே பல கிடைத்திருக்கின்றன. அந்தக் கல்லையே சாமிக்கும் பயன்படுத்துவதா என்று மக்கள் யோசித்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அப்படி என்றால், மகேந்திரவர்மர் உடைத்தது பாறையை மட்டும் இல்லை!

முதல் கோயிலா, இல்லையா?

'தமிழ்நாட்டின் முதல் கற்கோயில் மண்டகப்பட்டு' என்று எங்காவது படித்திருப்பீர்கள். பரீட்சையில் கேட்டால் அப்படியே எழுதிவிடுங்கள், மதிப்பெண் முக்கியம்! ஆனால் ஒரு விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'நான்தான் முதல்' என்று மகேந்திரவர்மர் அந்தக் கல்வெட்டில் சொல்லவே இல்லை. நான்கு பொருள்கள் இல்லாமல் செய்தேன் என்றுதான் சொல்கிறார். 'முதல்' என்பது அதைப் படித்த பிற்கால அறிஞர்கள் எடுத்த முடிவு.

அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. பிள்ளையார்பட்டி தெரியும் அல்லவா? கற்பக விநாயகர் கோயில். அதுவும் குகைக் கோயில்தான். அங்கே ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. அதன் எழுத்து வடிவத்தைப் பார்த்து, இது மகேந்திரவர்மருக்கும் முந்தியது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை என்று சிலர் மறுக்கிறார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. அரசர் பெயர் சொல்லும் பல்லவர் குகைகளில் மண்டகப்பட்டுதான் மூத்தது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அதுவரை சரி.

புதுச்சேரியில் இருந்து வந்த வாத்தியார்

இந்தக் குகையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் ழுவோ துப்ரே. வாயில் நுழையவில்லையா? மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்! 1885இல் பிறந்தவர். புதுச்சேரியில் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் பல்லவர் சின்னங்களைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. இன்று போல நல்ல சாலையா, கைப்பேசியில் வரைபடமா? ஊர் ஊராகப் போய் விசாரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோயில் சுவரில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் கண்டுபிடித்தவரும் இவரேதான்.

ஊர்க்காரர்களுக்கு அந்தக் குகை புதிது இல்லை. காலம் காலமாகப் பார்த்து வந்த பாறைதான். ஆனால் அதன் முகப்பில் இருந்த எழுத்தைப் படித்த பிறகுதான், அது யாருடைய குகை என்று உலகத்துக்குத் தெரிந்தது. எழுத்து பல்லவ கிரந்தம், மொழி வடமொழி.

கல்வெட்டை எப்படிப் படி எடுக்கிறார்கள் தெரியுமா? போட்டோ பிடித்தால் போதாது. முதலில் கல்லைச் சுத்தம் செய்து கழுவுவார்கள். அதன் மேல் ஈரமான கெட்டித் தாளைப் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டி ஒட்டுவார்கள். வெட்டிய எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மையில் தோய்த்த பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகும். பள்ளத்தில் இருக்கிற எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். உரித்து எடுத்தால் கல்வெட்டு உங்கள் கையில்! இதற்கு மைப்படி என்று பெயர். ஒரு நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வேலைதான்.

பக்கத்தில் இன்னும் என்ன?

மகேந்திரவர்மர் ஒன்றோடு நிறுத்தவில்லை. செஞ்சிப் பக்கத்திலேயே தளவானூரில் சத்ருமல்லேசுவராலயம் என்ற குகைக் கோயில் இருக்கிறது. அதன் முகப்பில் மகர தோரணம் செதுக்கியிருக்கிறார்கள். மண்டகப்பட்டைப் பார்த்த கையோடு அதைப் பார்த்தால், சிற்பிகளுக்குக் கை பழகிவிட்டது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பல்லாவரம், மாமண்டூர், மகேந்திரவாடி, சீயமங்கலம், திருச்சி மலைக்கோட்டை என்று அவர் குகைகள் பரவிக் கிடக்கின்றன.

அப்புறம் பனைமலை. மகேந்திரவர்மருக்குச் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து வந்த ராஜசிம்ம பல்லவர், குன்றின் உச்சியில் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். குடைந்தது போய், கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஒரு சுவரில் குடையின் கீழ் நிற்கும் உமாதேவியின் ஓவியம் இருக்கிறது. கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் வீட்டுக்கு வந்தும் மறக்காது.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டியது. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி. ஏறிவிட்டு வந்து கால் வலிக்கிறது என்று என்னைத் திட்டாதீர்கள்! 1677இல் சத்ரபதி சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயர்கள் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் பிடித்த கோட்டை. 1714இல் தேசிங்கு ராஜன் போரிட்டு மாண்டதும் இங்கேதான். 2025 ஜூலையில் மராட்டியர் தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். சிவாஜி செஞ்சிக்கு வந்தபோதே, மண்டகப்பட்டுக் குகைக்கு ஆயிரம் வயது தாண்டியிருந்தது!

கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் இந்தச் சின்னக் குகைக்கும் வருவார்களோ! ஆள் வராத இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாறையைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். கரித்துண்டால் பெயர் எழுதுவார்கள். ஆணியால் இதயம் வரைந்து அம்பு விடுவார்கள். கருங்கல்லில் 1,400 ஆண்டு நின்ற உளி வேலை, ஒரு நிமிடக் கிறுக்கலில் நாசமாகிவிடும். மேலே சொன்னேனே, துவாரபாலகருக்கு வேறு மூக்கு ஒட்ட முடியாது. மண்டகப்பட்டுக் குகை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். இப்படிப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம் என்கிறது சட்டம். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டவோ, கல் உடைக்கவோ கூடாது.

பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், பெருந்தச்சன் மாதிரி முதலில் ஒரு குகையைக் குடைந்துவிட்டு அப்புறம் எழுதுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்!

போகும்போது குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பாறைப் பக்கம் வெயில் சுளீர் என்று அடிக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் நல்லது. தூணின் எட்டுப் பட்டையை வரைந்து பாருங்கள். சதுரத்தில் இருந்து எட்டுப் பட்டை எப்படி வந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கோட்டைக்குப் போகிற அவசரத்தில் அப்பா அம்மா மறந்துவிடுவார்கள். அதனால் விழுப்புரத்தில் பேருந்து ஏறியதுமே கண்டக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், "மண்டகப்பட்டு வந்தால் சொல்லுங்க அண்ணா" என்று. பன்னிரண்டு வயது ஆகவில்லை என்றால் உங்களுக்கு அரை டிக்கெட்தான்!